முட்டை வண்டியின் முன்பக்கம்

அந்த ஊரில் உயரம் மொத்தம் இவ்வளவுதான். ஒருவருக்குக் கூட வேண்டுமானால் இன்னொருவருக்குக் குறைய வேண்டும். யார் "பரவாயில்லை" என்று சொல்கிறாரோ, அவருடைய வண்டியின் முன்பக்கம் ஒரு விரற்கடை தாழும். யாரிடம் சொன்னாரோ, அவர் காதில் அது விழுந்ததும் அவருடைய வண்டியின் முன்பக்கம் அதே விரற்கடை உயரும். வண்டியில் எடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்றால் ஆளிடமிருந்து எடுத்துக்கொள்ளப்படும்.

கோகிலவாணியின் பிக்கப் வண்டி மூக்கால் ரோட்டைப் பெருக்குகிற நிலைக்கு வந்துவிட்டது. காரணம் அவள் புருஷன் நல்லசிவம். நல்ல மனுஷன். அந்த நல்ல குணத்தை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரிசி ஆலை முதலாளி பொன்னுரங்கத்தின் ஜீப் ஒரு நாள் இவன் வண்டியின் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டு போனது. இறங்கிப் பார்த்துவிட்டு "பரவாயில்லீங்க" என்றான். இன்னொரு நாள் அவர் இவனை வரச் சொல்லிவிட்டு, மத்தியானம் முழுக்க ஆலை வாசலில் வெயிலில் நிறுத்தினார். அதற்கும் பரவாயில்லீங்க. பொங்கலிலிருந்து இவனை நல்லமுத்து என்று கூப்பிடுகிறார். அதற்கும் அதேதான். இப்போது பொன்னுரங்கம் ஏணி வைத்துத்தான் ஜீப்பில் ஏறுகிறார்.

அவர்கள் ஏற்றுவது முட்டை லோடு, பள்ளிக்கூடங்களின் சத்துணவுக்கு. முன்பக்கம் சரிந்து கிடப்பதால் பிரேக் போடும்போதெல்லாம் அட்டைகள் கேபின் பக்கம் சாய்ந்து முட்டை நொறுங்கியது. அன்று காலை தலைமையாசிரியை பாதி லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார். "இன்னொரு தடவை இப்படி வந்தா வேற வண்டி பாத்துக்குவோம்" என்றார். அந்த லோடு போனால் அவர்களுக்கு வேறு பிழைப்பில்லை.

"சொல்லிட்டுப் போகட்டும், பரவால்ல" என்று நல்லசிவம் ஆரம்பித்தான்.

"வாயை மூடு" என்றாள் கோகிலவாணி.

உடைந்த முட்டையோடு வண்டியை நேரே யாகூப்பின் பட்டறைக்கு ஓட்டினாள். யாகூப் வண்டிக்கடியில் படுத்து, முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளைத் தட்டிப் பார்த்தார். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் பிடித்தார். டேப்பை இழுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"போல்ட்ட முறுக்கறது பெரிய வேலையில்லீங்க்கா. முறுக்குனா ஏறணும்ல, அந்த உசரம் எங்கிருந்து வரும்?"

"எங்க உசரம் எங்க போச்சோ, அங்கிருந்து."

"அவரு வாயால சொல்லோணுமே. அந்த வார்த்தை அவரு வாயில வந்து நான் கேட்டதில்லீங்க."

"வரவெக்கறேன். ஸ்பேனரை எடுத்துக்கிட்டு ஏறுங்க."

அன்று பொன்னுரங்கத்தின் மகனுக்கு நிச்சயதார்த்தம். பெண் வீட்டார் ஈரோட்டிலிருந்து வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். கோகிலவாணி வண்டியைப் பந்தல் கால் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினாள். யாகூப் இறங்கி வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அவள் பக்கக் கதவைத் திறந்து முதல் அட்டையை இழுத்துவிட்டாள். மஞ்சள் கரு வழிந்து, சமுக்காளத்தின் ஓரத்தில் ஏறி, சம்பந்தியின் செருப்பு வரைக்கும் போனது.

"முட்டை கொட்டிருச்சுங்க" என்றாள். மன்னிப்பு மாதிரி எதுவும் அவள் குரலில் இல்லை. தேடினாலும் கிடைத்திருக்காது.

பொன்னுரங்கத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் சம்பந்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லம்மா" என்றார் பொன்னுரங்கம்.

வண்டிக்கடியில் ஸ்பேனர் கிறீச்சிட்டது. வாசலில் ஜீப் ஒரு விரற்கடை இறங்கியது.

அவள் இரண்டாவது அட்டையை இழுத்தாள். "இதும் கொட்டிருச்சுங்க."

"பரவாயில்லம்மா."

"சம்பந்தி ரொம்பத் தன்மையானவரு" என்று பெண்ணின் அப்பா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அதன் பிறகு பொன்னுரங்கத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. அட்டைக்கு ஒரு தடவை சொன்னார். யாகூப் இடது போல்ட்டுக்கு ஒரு சுற்று, வலது போல்ட்டுக்கு ஒரு சுற்று என்று முறுக்கினார். இரண்டு பக்கமும் சமமாக ஏற வேண்டும், இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கடைசியில் டேப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அளவு சரியா வந்திருச்சுங்க்கா, போதும்" என்றார்.

"முறுக்குங்க" என்றாள்.

"இதுக்கு மேல ஏத்துனா முட்டை பின்னால சரியும்."

"அதுக்கு நான் கயிறு கட்டிக்கறேன். முறுக்குங்க."

வெயிலில் நின்ற அந்த மத்தியானத்துக்கு ஓர் அட்டை, கிழிந்த தகரத்துக்கு ஓர் அட்டை, நல்லமுத்துவுக்கு இரண்டு என்று இழுத்தாள். ஜீப்பின் பம்பர் வாசல் கோலத்தில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகும் அட்டைகள் இருந்தன. பொன்னுரங்கத்தின் வேட்டி தரையில் புரளத் தொடங்கியது. பெண் வீட்டார் தட்டு மாற்றிக்கொண்டு சந்தோஷமாகக் கிளம்பினார்கள்.

சாயங்காலம் பொன்னுரங்கம் கோகிலவாணியின் வீட்டுக்கு வந்தார். அவள் இடுப்புக்குத்தான் இருந்தார். பின்னால் ஆலை ஆட்கள் முட்டை அட்டைகளைச் சுமந்துகொண்டு நின்றார்கள். அவர் ஒரு முட்டையை எடுத்து, அவள் வாசலில் போட்டு உடைத்தார்.

"முட்டை கொட்டிருச்சும்மா" என்றார்.

அவர் இன்னொன்றைப் போட்டார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நல்லசிவத்துக்குத் தாங்கவில்லை. பாவம் என்ற நினைப்பு அவன் முகத்தில் வந்துவிட்டது, வாயும் திறந்துவிட்டது. கோகிலவாணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஏணி வைத்து வண்டிக்குள் ஏற்றி, கண்ணாடியை மேலே ஏற்றிக் கதவைச் சாத்தினாள். இறங்கியதும் ஏணியை எடுத்துவிட்டாள்.

உள்ளே அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தான். உதடு அசைவது கீழேயிருந்து தெரிந்தது, குரல் கேட்கவில்லை. அதைக் கேட்பது அவன் மட்டும்தான் என்பதால், தாழ்ந்த விரற்கடை அவன் வண்டியிலேயே ஏறி, வண்டி அசையாமல் நின்றது.

பொன்னுரங்கம் அடுத்த அட்டையைக் கேட்டார். அது கைக்கு எட்டாததால் ஆள் குனிந்து கொடுத்தான். கோகிலவாணி உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டு உட்கார்ந்தாள்.