இரண்டு கை ஊற்றிய மீன் எண்ணெய்

அந்த வீட்டு நாய் துரை வறண்ட தோலைச் சொறிந்து சொறிந்து சோபா முழுக்கப் பொடுகு உதிர்த்தது. தினமும் சாப்பாட்டில் ஒரு ஸ்பூன் மீன் எண்ணெய் கலக்கச் சொன்னார் டாக்டர். வீட்டின் மூத்த மருமகள் கலந்தாள். அவளோடு பேச்சுவார்த்தை இல்லாத இளையவள், அவளாவது நாயைக் கவனிப்பதாவது என்று தானும் கலந்தாள்.

நாலே நாளில் துரைக்கு வயிற்றால் போய், கூடத்து விரிப்பு நாசமாயிற்று.

"நீயும் ஊத்துனியா?" என்றாள் மூத்தவள், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"நீங்க ஊத்துவீங்கன்னு கனவா கண்டேன்? உங்களுக்குத்தான் உடம்பு வளையாதே."

"முதல்ல வாயைக் கழுவு. அப்புறம் விரிப்பைக் கழுவலாம்."

இளையவள் விரிப்பில் சரிபாதியை மட்டும் கழுவிவிட்டு எழுந்து போனாள்.

வயிறு சரியானதும், இனி ஒருவர் மட்டும் ஊற்றுங்கள் என்றார் டாக்டர். அவ்வளவு வாய் பேசினவளே ஊற்றட்டும் என்று இளையவள் புட்டியைத் தொடவில்லை. மூத்தவளுக்கும் அதே வீம்பு.

புட்டி அலமாரியில் அப்படியே நின்றது. துரை முதுகைச் சுவரில் தேய்க்கத் தொடங்கியது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே, ஒரே குரலில் அதட்டினார்கள்:

"சும்மா இருக்க மாட்டியா, சனியனே?"