கள்ளன் என்று தொடங்கிய கதை

1

பழி தீர்க்கத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன், மறைப்பானேன்? என் வீட்டுக்காரர் தாசையன், மகள் ஷிஜியின் கம்மலை எடுத்து விற்று லாட்டரிச் சீட்டு வாங்கிவிட்டார். எங்கள் ஊர் கரமனை முழுக்கத் தெரிந்துபோனது. பத்திரிகைக்குக் கதை எழுதுகிறவள் வேறென்ன செய்வாள்?

முதல் வரி: அந்தக் கள்ளனுடைய கை மண்வெட்டி மாதிரி...

[அடித்துவிட்டேன். கை பெரிதானது நோயால். வளர்ந்த ஆளுக்கு வளர்ச்சி ஹார்மோன் மிதமிஞ்சிச் சுரந்தால் கை, கால், தாடை எல்லாம் பெருத்துப்போகும். அதைக் கேலி செய்ய எனக்கே கூசியது.]

2

நோயைப் பிழையில்லாமல் எழுத வேண்டுமே என்று, அவர் விழுங்கும் குளிகையைப் பற்றிய ஆய்வுகளை வாசித்தேன். பெயர் காபர்கோலின். மூளையில் டோபமைன் பார்க்கும் வேலையைத் தானே பார்த்து, அந்த ஹார்மோனை அடக்கும். எல்லாருக்கும் கேட்காது. இவருக்குக் கேட்டது, கல்யாண மோதிரம் மறுபடி விரலில் ஏறியது. அடுத்த பத்தியில் இருந்தது: சிலரை அடக்க முடியாத சூதாட்டத்தில் தள்ளக்கூடும்.*

அட கடவுளே! என் வில்லன் அங்கேயே செத்துப்போனான்.

* நாங்கள் போகும்போதெல்லாம் டாக்டர் கேட்டார், "சூதாட்டம் ஏதும் உண்டோ?" "ஏய், இல்ல சாரே" என்றார் இவர். நானும் தலையாட்டினேன். சர்க்கார் அச்சடித்து பஸ் ஸ்டாப்பில் விற்கிற சீட்டை யார் சூதாட்டம் என்பார்கள்?

3

"இஞ்ச பாருங்க, இது அந்தக் குளிகை செஞ்ச வேலையாக்கும்" என்றேன்.

"பிள்ளைக்க கம்மல எடுத்தது குளிகையா? நானாக்கும்." முகத்தைத் திருப்பிக்கொண்டார். "டாக்டர்ட்ட சொல்லாத. குளிகைய நிறுத்தினா பழையபடி வீங்கும். நீ கள்ளன்னே எழுது. மக முன்னால கள்ளனா இருந்திருவேன், கிறுக்கனா இருக்க ஒக்காது. நாணக்கேடு."

ஷிஜியை வைத்துக்கொண்டே அவரைக் கள்ளன் என்று கத்தியவள் நான். அன்றிலிருந்து அவள் அப்பாவோடு பேசுவதில்லை.

4

முடிவு ஒன்று: டாக்டர் மருந்தை மாற்றுகிறார், எல்லாம் சரியாகி, மூன்று பேரும் சிரித்து... [பொய். ஆய்வு செய்தவர்களே அவ்வளவு அடித்துச் சொல்லவில்லை.]

முடிவு இரண்டு: நான் வாயே திறக்கவில்லை. அவர்

[சீ, வேண்டாம்.]

இதை ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்து எழுதுகிறேன். பக்கத்தில் அவர், தலை குனிந்தபடி. டாக்டர் அதே கேள்வியைக் கேட்பார். இவர் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன், அதில் மாற்றமில்லை. அது வரைக்கும் எனக்கு எழுத வரும்.

பிறகு வீட்டுக்குப் போய் ஷிஜியைக் கூப்பிட்டு, "மக்களே, உங்கப்பா..." என்று தொடங்க வேண்டும். மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.