பச்சை வீடு

"பச்ச வீட்டக் காணோமேக்கா. ரெண்டு தடவ சுத்திட்டேன்," என்றான் ஐஸ் பெட்டி கொண்டுவந்த டெம்போக்காரன், போனில்.

சுகுணா கேட்டுக்கு வெளியே வந்து கையைத் தூக்கிக் காட்டினாள். டெம்போ தெருமுனையில் நின்றுகொண்டு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"மஞ்ச வீடு," என்றாள். "இப்ப மஞ்ச வீடு. கேட்டுகிட்ட நிக்கறேன் பாரு."

ஜூஜுவாடிக்குப் பின்னால் இருக்கும் அந்த லேஅவுட்டில், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் முதல் கம்பெனி பஸ் டிரைவர் வரை எல்லோருக்கும் அது பச்சை வீடுதான். முன்சுவர், கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் கிளிப்பச்சை. ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் கணவன் அசோக்குமார் ஏணியைச் சாத்தி ஏறி, பழைய பூச்சைச் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, வெளிப்பக்கம் முழுவதையும் மஞ்சளாக்கியிருந்தான். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்னதற்கு, "எஞ்சுவத்துல எவன் கை வைக்கிறது?" என்று சிரித்தான்.

இன்று காலை ஹாலுக்குள் வந்தான். ஒரு பக்கச் சுவரில் பாதி முடித்தபோது ஏணியிலிருந்து இறங்கி, ரோலரைப் பின்பக்கம் வைத்துவிட்டு வந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு, ஒரு சொம்பு தண்ணீர் கேட்டான். ஆட்டோவில் ஏறும்போது, "ரோலரக் கழுவி வச்சிரு. காஞ்சா வீணாப் போயிரும்," என்றான். அதற்குப் பிறகு எதுவும் பேசவில்லை. ஹைவேயில் லாரிகள் நகராமல் நின்றன. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆட்டோவுக்குள்ளேயே குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

நான்கு பேர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசற்படி ஏறினார்கள்.

"எடது பக்கமா வாங்க," என்றாள் சுகுணா. "அந்தச் சுவத்துல சாயாதீங்க. ஈரம்."

பெட்டியோடு ஒதுங்கினார்கள். கூட்டத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளையம்மா மட்டும் சுவரில் ஒரு விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "காஞ்சிடுச்சு சுகுணா," என்றாள் மெதுவாக.

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. கம்பெனியிலிருந்து ஷிப்டு முடிந்தவர்கள் யூனிஃபார்மோடு வந்தார்கள். மகள் ஜெயப்ரியா கிருஷ்ணகிரி ஹாஸ்டலிலிருந்து வந்து, பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. சுகுணாவின் அண்ணன் சென்னகிருஷ்ணன் ராயக்கோட்டையிலிருந்து, தன் தோட்டத்துச் சாமந்தியை ஒரு மூட்டை பறித்து வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். பெட்டியின் மேல் மஞ்சளாகக் குவிந்தது.

பெட்டிக்குப் பின்னால் இருந்த சுவர் கதவிலிருந்து சுவிட்ச் போர்டு வரை மஞ்சள். அதற்கு அப்பால் பச்சை. வருகிறவர்கள் முதலில் அசோக்குமாரின் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு அந்தச் சுவரைப் பார்த்தார்கள்.

அந்தப் பச்சை ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது.

ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் அவர்கள். அவன் கோவில்பட்டிப் பக்கம். அவள் ராயக்கோட்டைப் பக்கம், வீட்டில் தெலுங்கு. இரண்டு வீட்டுக்கும் பிடிக்காத கல்யாணம். வாடகைக்குப் பிடித்த ஒற்றை அறைக்கு அவனே பெயிண்ட் அடிக்கப் போவதாகச் சொல்லி, என்ன கலர் வேண்டும் என்று அவளிடம் கேட்டான். "பச்ச," என்றாள். அவள் வீட்டில் மஞ்சள் சாமந்திக்குப் பெயர் பச்ச சாமந்தி. மஞ்சள் பூசிக் குளித்த முகம் பச்சகா இருக்கும். அவள் மனதில் இருந்தது அதுதான். கல்யாணத்தன்று கதவைத் திறந்தால் அறை கிளியின் இறகு மாதிரி இருந்தது. அவன் காதுமடலில் ஒரு பச்சைத் துளி காய்ந்திருந்தது. "எப்படி?" என்றான். "நல்லாருக்கு," என்றாள்.

அதன்பின் பச்சைச் சேலை, பச்சை பக்கெட், பச்சை ஸ்கூட்டி. "எங்க வீட்டம்மாவுக்குப் பச்சைன்னா உயிரு," என்று எல்லோரிடமும் சொன்னான். அவளுக்குத் தமிழ் சரளமாக வந்தபோது எடுத்துச் சொல்லியிருக்கலாம். அதற்குள் வீட்டில் பச்சை நிறையச் சேர்ந்துவிட்டது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ராயக்கோட்டைச் சந்தையில் பூக்காரம்மா அவளைப் பார்த்து, "பச்ச சாமந்தி போடட்டா, வெள்ள சாமந்தியா?" என்று கேட்டாள்.

"பச்சைல ஏதும்மா சாமந்தி?" என்று சிரித்தான் அசோக்குமார்.

"இதான் பச்சண்ணா," என்று ஒரு கை மஞ்சள் பூவை அள்ளிக் காட்டினாள் அந்த அம்மா. "எங்க பாஷைல."

அவன் சுகுணாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் பையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து ஹாலில் வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சாப்பிடும்போதுதான் கேட்டான்.

"அன்னைக்கு நீ கேட்டது மஞ்சளா?"

"உட்டுத் தள்ளுங்க. எந்தக் காலத்துக் கதை."

அவன் விட்டுவிட்டான். அடுத்த ஞாயிறு பட்டி மூட்டையோடு வந்து இறங்கினான். கோபமா, மனம் நொந்துபோனானா என்று அவளுக்குத் தெரியவே இல்லை. கேட்கவும் இல்லை. தீபாவளி வேலையெல்லாம் முடியட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

வெளியே அடித்தது கடையில் கலந்து வாங்கிய மஞ்சள். அதைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இது எலுமிச்சை. சாமந்தி இல்ல," என்றான். ஹாலுக்கு வெள்ளை எமல்ஷன் வாங்கி, கலர் பாட்டிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு கையில் பூவைப் பிடித்துக்கொண்டு தானே கலக்கினான். "இதுக்குக் கலர் நம்பர் கெடையாது. இந்த ஒரு பக்கெட்டுதான். தண்ணி கலந்தாச்சு, ஒரு வாரத்துக்கு மேல தாங்காது, நாத்தம் எடுத்துரும்," என்று நேற்றுத்தான் சொன்னான். பக்கெட் இப்போது ஐஸ் பெட்டியின் மோட்டார் வயருக்குப் பக்கத்தில், மூடி போட்டு இருந்தது. அதன் மேல் யாரோ ஊதுபத்திப் பாக்கெட்டை வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் ஒப்பாரி கொஞ்சம் ஓய்ந்தபோது சுகுணாவுக்கு ரோலர் ஞாபகம் வந்தது. எழுந்தாள். பாத்ரூம் போகிறாள் என்று நினைத்து வழிவிட்டார்கள். பின்பக்கம் துவைக்கிற கல்லின் மேல் அது அவன் வைத்தபடியே கிடந்தது. மேலே காய்ந்து தோலாகியிருந்தது. குழாயைத் திறந்து, குந்தி உட்கார்ந்து, நகத்தால் உரித்துக் கசக்கினாள். உள்ளே இன்னும் ஈரம் இருந்தது. மஞ்சள் தண்ணீர் அவள் சேலை ஓரத்தை நனைத்துக்கொண்டு சாக்கடைக்குப் போனது.

அசோக்குமாரின் அம்மா காளியம்மாளும் மூத்த மகன் கருப்பசாமியும் காரில் வந்து இறங்கியது அப்போதுதான். வாசலில் அழுகை பெரிதாகக் கேட்டது. சுகுணா எழுந்திருக்க நினைத்தாள். ரோலரை மறுபடி குழாய்க்கடியில் பிடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் காளியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. மருமகளையும் அவள் கையில் இருந்ததையும் பார்த்தாள்.

"என்ன தாயி செய்யுத?"

"கழுவி வைக்கச் சொன்னாரு அத்த."

காளியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, தொட்டியிலிருந்து சொம்பில் மொண்டு ஊற்றினாள். தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

சொந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கருப்பசாமி சொன்னபோது காளியம்மாள்தான் தடுத்தாள். "அவன் கட்டின வீடு. இங்கிருந்தே போகட்டும்."

மறுநாள் காலையில் எடுத்தார்கள். ஹாலிலிருந்து வாசல் வரைக்கும் சாமந்தி இதழ் உதிர்ந்து கிடந்தது. ஆண்கள் எல்லோரும் சுடுகாட்டுக்குப் போனபின் பெண்கள் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவினார்கள். வெள்ளையம்மா பெயிண்ட் பக்கெட்டைத் தூக்கிப் பார்த்து, "இத என்ன பண்றது, கொட்டிடட்டா?" என்றாள்.

"வேணாங்க்கா."

சுகுணா அதை வாங்கி சமையலறை மேடைக்குக் கீழே, அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.

ஆண்கள் குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். இரண்டு வீட்டாரும் இத்தனை வருடத்தில் எண்ணி நாலு தடவை பார்த்திருப்பார்கள். கருப்பசாமியும் சென்னகிருஷ்ணனும் இன்னும் சார் போட்டுத்தான் பேசிக்கொண்டார்கள்.

"பதினாறுக்குள்ள வீட்டுக்கு வெள்ளையடிச்சிரணும் சார். எங்க முறை அது," என்றார் கருப்பசாமி. "செத்த வீட்டுச் சுவரு அப்படியே இருக்கக் கூடாது."

"எங்க சைடுல அப்படியே நேரெதிரு சார். வருசம் திரும்பற வரைக்கும் சுவத்துல கை வெக்க மாட்டோம்."

"இப்படிப் பாதியிலயா?"

சென்னகிருஷ்ணன் சுவரைப் பார்த்தார். "அவரு உங்க வூட்டுப் புள்ள சார். உங்க முறைப்படியே செஞ்சிடுங்க. தெரிஞ்ச காண்ட்ராக்டர் ஒருத்தர் இருக்காரு, பெருமாள்னு. சொன்னா நாளைக்கே ஆளுங்கள அனுப்பிடுவாரு. உள்ள வெளிய எல்லாம் ஒரே நாள்ல வெள்ளையாயிடும்."

சுகுணா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். "மாமா," என்றாள். "அவரு கலந்து வெச்சது கொஞ்சம் இருக்குது. அந்தச் சுவத்துக்குப் பத்தும். அந்த ஒரு சுவத்துக்காவது."

"அத யாருக்காச்சும் குடுத்துருவோம்மா," என்றார் கருப்பசாமி, தணிவாகவே. "இந்த நேரத்துல போயி மஞ்சளடிச்சா பாக்கிறவன் என்ன சொல்வான்?"

அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. நேற்றிலிருந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருந்தாள். எந்தச் சேலை உடுத்த வேண்டும், எங்கே உட்கார வேண்டும், எப்போது அழ வேண்டும். இதற்கும் தலை தானாக ஆடப் போனது.

"லே, கருப்பு," என்றாள் காளியம்மாள்.

அவள் ஈரத் தரையில் ஒரு சாக்கை விரித்து, அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"வெள்ளையடிக்கணும்னுதான முறை?"

"ஆமா."

"என்ன கலருன்னு முறை சொல்லிச்சா?"

"வெள்ளையடிக்கிறதுன்னா வெள்ளைதானம்மா."

"அப்படியா?" என்றாள். "போன வாரம் போன் போட்டான். பேச்சே வரல, ஒரே சிரிப்பு. 'எம்மா, இவ ஊர்ல பச்சைன்னா மஞ்சளாம். இத்தன வருசமா கிளிக்கூண்டுக்குள்ள நானும் இருந்து, அவளையும் வச்சிருக்கேன், ஒரு வார்த்தை சொல்லலம்மா அவ'ன்னு. சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்துருச்சு அவனுக்கு. தண்ணி குடில மூதின்னு நாந்தான் வச்சேன் போன."

"சிரிச்சாரா?" என்றாள் சுகுணா.

"ஏன், ஒங்கிட்ட சிரிக்கலயா?"

ஜெயப்ரியா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"அவ ஊர்ல பச்சைன்னா மஞ்சள்," என்றாள் காளியம்மாள் மகனிடம். "நம்ம ஊர்ல வெள்ளைன்னாலும் மஞ்சள்னு வச்சுக்க. ஆளும் வேண்டாம், காண்ட்ராக்டரும் வேண்டாம்." பிறகு சென்னகிருஷ்ணன் பக்கம் திரும்பினாள். "ஒங்க முறைக்கும் ஒண்ணும் வராது தம்பி. புதுசா ஆரம்பிக்கக் கூடாது, அவ்வளவுதான? இது அவன் ஆரம்பிச்சது."

சென்னகிருஷ்ணன் இலையை மூடிவிட்டு எழுந்தார். கை கழுவிவிட்டு வந்து, சுவரோரம் சாத்தியிருந்த ஏணியின் காலை ஆட்டிப் பார்த்தார். "ஒரு பக்கம் மரக்கட்ட வெக்கணும். ஆடுது," என்றார் யாரிடமோ.

கருப்பசாமியும் கை கழுவிவிட்டு வந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ரோலர் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"கழுவி வெச்சிருக்கேன்," என்றாள் சுகுணா.

அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து பக்கெட்டை எடுத்து வந்து, கரண்டிக் காம்பால் மூடியை நெம்பினாள். மேலே ஆடை படிந்திருந்தது. அதைக் குச்சியால் சுருட்டி எடுத்துவிட்டுக் கலக்கினாள். கீழே இருந்த நிறம் மெதுவாக மேலே வந்தது. இன்னும் நாற்றம் எடுக்கவில்லை.

"அம்மா," என்றாள் ஜெயப்ரியா. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. "கழுவறப்ப தண்ணி தெறிச்சு மஞ்ச சுவத்துல சாமந்தி இதழு ஒட்டிக்கிச்சு. நான் பாத்தேன். அதோட அடிச்சா திட்டுத் திட்டா நிக்கும்."

சுகுணா சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்தது. மேலிருந்து கீழ்வரை பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. கிட்டே போய்ப் பார்த்தாள், எல்லாம் ஒரே மஞ்சள்.

"எங்க, காணோமே?"

"அங்கதான் இருக்கு."

கருப்பசாமி ரோலரோடு காத்து நின்றார். சுகுணா கையைச் சேலையில் துடைத்துவிட்டு, உள்ளங்கையைச் சுவரில் வைத்து, கதவோரத்திலிருந்து மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள்.