ஹெல்மருக்கு விழுந்த ஆறு ஓட்டு

டோரன் ஊராட்சியில் மொத்தம் முப்பத்தெட்டு ஓட்டு. முப்பத்தேழு குடியரசுக் கட்சிக்கு, ஒன்று ஜனநாயகக் கட்சிக்கு. ஆளுநரோ, செனட்டரோ, விவசாய ஆணையரோ, எந்தப் பதவிக்குத் தேர்தல் வந்தாலும் இதே கணக்குத்தான். ஓட்டு ரகசியமாம், பெரிய ரகசியம்! அந்த ஒன்று ஹெல்மர் ட்வெய்ட்டுடையது என்பது வடக்கு டகோட்டா மாநிலத்தின் அந்த மூலையில் மாடு கன்றுக்குக்கூடத் தெரியும். தேர்தலுக்கு மறுநாள் காலை வானொலியில் ஊர் ஊராக முடிவு வாசிப்பார்கள். ஜனநாயகக் கட்சிக் கணக்கில் "டோரன், ஒன்று" என்றதும் ஹெல்மர் காபிக் கோப்பையைத் தூக்கித் தனக்குத்தானே வாழ்த்துச் சொல்லிக்கொள்வார்.

அவர் மனைவி ஆர்லிஸ் அந்த முப்பத்தேழில் ஒருத்தி. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஓட்டுப்போடப் போவார்கள். அவர் போட்ட ஓட்டை அவள் போட்ட ஓட்டு அடித்துச் சமன் செய்துவிடும். பிறகு சர்ச் பெண்கள் அங்கே சுட்டு விற்கும் ஆப்பிள் கேக்கை ஆளுக்குப் பாதி தின்றுவிட்டு வீடு திரும்புவார்கள்.

இந்தத் தடவை தேர்தலுக்கு முந்தின வாரம் ஹெல்மருக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. ஃபார்கோ நகர மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. தபாலில் ஓட்டுப்போடுவது சோம்பேறிகளின் வேலை என்று ஊரெல்லாம் திட்டித் திரிந்தவர், இப்போது படுக்கையில் மாட்டிக்கொண்டார்.

"இந்த வருஷம் டோரன், சைபர்னு வாசிப்பானுங்க" என்றார்.

ஆர்லிசுக்கு மனசு கேட்கவில்லை. "விடு. நான் போய் உன் கட்சிக்கே போட்டுட்டு வர்றேன்."

ஹெல்மரின் முகம் வெளிறிப்போனது. "நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பாவம், நெகிழ்ந்துவிட்டார் என்று அவள் நினைத்தாள்.

ஆனால் தேர்தலன்று மறைப்புக்குள் போய்ச் சீட்டைக் கையில் எடுத்ததும் பேனா நகரவில்லை. ஆளுநர் பதவிக்கு நின்ற ஜனநாயகக் கட்சிக்காரர் பசுவுக்கும் காளைக்கும் வித்தியாசம் தெரியாத பட்டணத்து வக்கீல். அந்த ஆளுக்கா? ஹெல்மருக்காக, ஹெல்மருக்காக என்று முணுமுணுத்தபடியே ஆர்லிஸ் தன் கட்சிக்காரர்கள் பெயருக்கு எதிரே இருந்த வட்டத்தையெல்லாம் நிரப்பிவிட்டு வெளியே வந்தாள். வாங்கிய கேக்கைத் தின்னாமலே தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். நாளைக்கு அந்த மனுஷன் சைபர் என்று கேட்கப்போகிறாரே, அதுவும் நான் வாக்குக் கொடுத்த பிறகு.

மறுநாள் காலை மருத்துவமனையில் வானொலியை எப்படி அணைப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது சொல்லிவிட்டது: "டோரன், ஆறு."

ஹெல்மர் குழாய்களோடு எழுந்து உட்கார்ந்தார். "ஆறா! நீ போட்டது ஒண்ணு. மீதி அஞ்சு யாருடி?"

ஆர்லிஸ் தலையணையைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தாள். மாநிலம் முழுக்க அவர் கட்சி மண்ணைக் கவ்வியிருந்தது. அதைப்பற்றி அவருக்கு என்ன கவலை? டோரனில் ஆறு!

வீடு திரும்பி, நடமாட அனுமதி கிடைத்த முதல் காலையே ஆர்லிசிடம் தானியக் கிடங்குக்கு வண்டியை விடச் சொன்னார். ஊர்க்காரர்கள் காபி குடிக்கும் இடம் அதுதான்.

"மனசு மாறின அஞ்சு பேரு யாருடா? வெக்கப்படாம சொல்லுங்க" என்றார் நுழைந்ததும்.

முப்பது வருஷமாக அவரைக் கிண்டல் செய்வதையே தொழிலாக வைத்திருந்த பக்கத்துப் பண்ணை வெர்லின் கழுத்தைச் சொறிந்தார்.

"மனசும் மாறல, மண்ணாங்கட்டியும் மாறல. நீ அங்க கெடக்கிறே, ரேடியோல சைபர்னு கேட்டா உசுர விட்டுடுவியேன்னு போட்டுத் தொலைச்சேன். நான் ஒருத்தன்தான்னு நெனச்சேன்."

"அட, நீயுமா?" என்றார் கிடங்கு மேலாளர் லோவெல்.

ஸ்கார் சகோதரர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கையைத் தூக்கினார்கள். தபால் நிலைய மார்லீனும் தூக்கினாள். கடைசியாகப் போதகர், "கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்" என்று சொல்லித் தானும் தூக்கினார்.

ஹெல்மர் விரல் விட்டு எண்ணினார். ஆறு. இன்னொரு தடவை எண்ணினார். அப்போதும் ஆறுதான். ஆர்லிஸ் தரையைப் பார்த்தாள்.

"போக்கிரிப் பசங்களா!" ஹெல்மரின் குரல் உடைந்தது. "அடுத்த தடவை அவனவன் அவனவன் கட்சிக்கே போடுங்க. அந்த ஒண்ணு என்னுது." எல்லோரும் சிரித்தார்கள். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

வண்டியில் ஏறியதும் ஆர்லிஸ் அழுதுவிட்டாள். "கை வரல, ஹெல்மர். ஊரே உனக்காகப் போட்டிருக்கு. கட்டினவ நான் போடல. உன்கிட்ட பொய்யும் சொல்லிட்டேன்."

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தையல் வலித்தது, இருந்தும் சிரித்தார்.

"அன்னிக்கு நீ எனக்குப் போடுறேன்னு சொன்னே பாரு, எனக்குக் குலை நடுங்கிடுச்சு. டாக்டர் உன்னைத் தனியாக் கூப்பிட்டு, இந்த ஆளு பொழைக்க மாட்டான்னு சொல்லிட்டாருன்னு நெனச்சேன். இல்லேன்னா நீ என் கட்சிக்குப் போடுவியா? அன்னியிலேருந்து எந்த ராத்திரியும் சரியாத் தூங்கல. இன்னிக்குத்தான் நல்லா இருக்கு."

ஆர்லிஸ் கண்ணைத் துடைத்தாள். இத்தனை நாளும் இந்த மனுஷன் தனியாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவளுக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, ஓங்கி ஒரு குத்து விடவும் தோன்றியது. தையல் இருந்ததால் இரண்டையும் செய்யாமல் வண்டியைக் கிளப்பினாள்.

"ரெண்டு வருஷத்துல மறுபடி தேர்தல் வருது" என்றார் ஹெல்மர். "கூட வந்து என் ஓட்டை அடிப்பேல்ல?"

"அடிக்காம விடுவேனா, கிழவா" என்றாள் ஆர்லிஸ்.