ஒகாவா பேரில் ஒரு பிழை

ஒரு மனிதன் விடாமல் ஜெயித்துக்கொண்டிருப்பதால் இன்னொரு மனிதன் ஊருக்குப் போக முடியாமல் கிடப்பான் என்றால் யாராவது நம்புவார்களா? வேலுச்சாமி கிடந்தான். 2005 பிப்ரவரி, ஷார்ஜா. அவனுடைய லீவு விண்ணப்பம் மேனேஜர் டானரின் காபிக் கோப்பைக்கு அடியில் ஆறு வாரமாக வட்டக் கறை வாங்கிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட இரண்டு விநாடி ஆகும். பாவி மனிதன் போடமாட்டேன் என்கிறான்.

வேலுச்சாமி அந்தக் கட்டுமானக் கம்பெனியில் டைம் கீப்பர். நானூறு பேரில் எவன் எத்தனை மணிக்கு வந்தான், போனான் என்று எழுதுகிற வேலை. டானர் அமெரிக்கர். வெள்ளிக்கிழமை காலையானால் தைத் போகிற சாலையோரம் உள்ள பொட்டல் மைதானத்தில் பேஸ்பால் ஆடப் போய்விடுவார். அமெரிக்கர்கள், ஜப்பான்காரர்கள், சில பிலிப்பினோக்கள் என்று நான்கு அணிகள். போன அக்டோபரில் அவர்களுக்கு ஸ்கோர் எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட, டானருக்கு டைம் ஷீட்டில் இருந்த முத்து முத்தான கையெழுத்து ஞாபகம் வந்தது.

“கேம்ப்பில் கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதுவாயாமே?”

“யெஸ் சார்.”

“பேஸ்பால் தெரியுமா?”

“யெஸ் சார்.”

மேனேஜர் முன்னால் நம்மாட்கள் வாயில் வேறு எந்த வார்த்தை வந்திருக்கிறது! பந்து, மட்டை, ஓட்டம். இதில் என்ன பெரிய கம்பசூத்திரம் என்றுதான் வேலுச்சாமியும் நினைத்தான். விதி அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

அந்தச் சீசனில் டானருக்கு ஏதோ பிடித்துக்கொண்டது. ஆட்டத்துக்கு ஒரு சுத்தமான அடியாவது அடித்து, முதல் ‘பேஸ்’ என்கிற மூலைக்கு ஓடிவிடுவார். அதற்கு ‘ஹிட்’ என்று பேர். ஒரு ஆட்டத்தில் அடிப்பது பெரிய காரியமில்லை, ஒன்றுகூட விடாமல் வரிசையாக அடித்துக்கொண்டு போவதுதான் அபூர்வம். அமெரிக்காவில் 1941-இல் ஒரு ஆள் தொடர்ந்து ஐம்பத்தாறு ஆட்டத்தில் அடித்தாராம், இன்றுவரை அந்த எண்ணை எவனும் தொடவில்லையாம். டானர் தன் அறையின் வெள்ளைப் பலகையில் 56 என்று பெரிதாக எழுதி, அதற்குக் கீழே தன் எண்ணை வாராவாரம் மாற்றிக்கொண்டு வந்தார். நம் மைதானத்துச் சாதனை பத்தொன்பது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒகாவா என்கிற ஜப்பான் இன்ஜினியர் வைத்தது. கிளப் சுவரில் மரப்பலகையில் அவர் பேரைச் செதுக்கி மாட்டியிருந்தார்கள். ஒகாவா இன்னமும் எதிரணியில் ஆடிக்கொண்டிருந்தார்.

வரிசை நீள நீள டானருக்குக் கிறுக்கு முற்றியது. ஒன்பதாவது ஆட்டத்திலிருந்து காலுறையைத் துவைக்கவில்லை. வேலுச்சாமி அதே பிளாஸ்டிக் நாற்காலியில், அதே நீலத் தொப்பியுடன், அதே பேனாவோடு உட்கார வேண்டும். லீவு என்று பேச்செடுத்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: “நீதான் என் அதிர்ஷ்டம், வேலு. இது ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த நாற்காலி காலியாகக் கூடாது. அறுந்த மறுநாள் கையெழுத்து.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் கையெழுத்து வரவில்லை. பாஸ்போர்ட்டோ ஆபீஸ் பெட்டகத்தில்.

ஊரில் நிலைமை வேறு. தங்கை பானுமதியின் மகள் நிவேதாவுக்கு இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், அதுவும் ஒற்றைப்படை வயதில். ஒரு வயதில் குத்தலாம் என்றபோது இவன் அப்போதுதான் ஷார்ஜாவில் இறங்கியிருந்தான். மூன்றில் லீவு இல்லை என்று கம்பெனி கையை விரித்தது. இப்போது ஐந்து. பங்குனி வந்தால் ஆறு பிறந்துவிடும்.

வழக்கம்போல மீராசா பாயின் மளிகைக் கடையிலிருந்து போன் போட்டான். கீழக்கரைக்காரரான மீராசா, ஷார்ஜா தொழில்பேட்டையில் பதினைந்து வருஷமாகக் கடை வைத்திருக்கிறவர்.

“அண்ணே, மாமனாரு நாள் குறிச்சிட்டாரு. மாசி இருபது. கொலதெய்வம் கோயில்ல” என்றாள் பானுமதி. குரல் சரியில்லை.

“பாக்குறேன்டி.”

“என்னத்தப் பாக்குறே? நீ வரலேன்னா எங்க நாத்தனா புருசன் மடியில ஒக்கார வச்சுக் குத்திருவாராம். ‘ஒனக்குக் கூடப்பொறந்தவன்னு ஒருத்தன் இருக்கானா, இல்லாட்டி சும்மா பேருக்குச் சொல்லிட்டுத் திரியுறியா’ன்னு சபையில வச்சுக் கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்லண்ணே?”

அவள் அழுதாள். போனை வைத்த பிறகும் அந்த அழுகை வேலுச்சாமியின் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. ராத்திரி தூக்கமில்லை, பகலில் சோறு இறங்கவில்லை. சைட்டில் நடந்தான், கேம்ப்பில் நடந்தான், நிற்கிற இடத்தில் நிற்கப் பிடிக்காமல் நடந்தான்.

இதோடு போனால் பரவாயில்லை. அவன் வயிற்றுக்குள் இன்னொரு கல்லும் கிடந்தது. டிசம்பரில் ஒரு நாள் மட்டையும் பந்தும் வைக்கிற சாமான் பெட்டியில் பேஸ்பால் விதிப் புத்தகம் கிடைத்தது. எழுத்துக்கூட்டிப் படித்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிரிக்கெட்டில் கையில் வந்த பந்தைத் தடவிவிட்டால் ஓடின ஓட்டம் அடித்தவன் கணக்கில்தானே? இங்கே அப்படி இல்லை. பிடித்திருக்க வேண்டிய பந்தை ஆள் கோட்டைவிட்டால் அது ‘எரர்’. பிழை தடுத்தவன் பேரில் ஏறும், அடித்தவனுக்கு ஹிட் கிடையாது. எது ஹிட், எது எரர் என்று தீர்ப்புச் சொல்கிற ஆள் ஸ்கோரர்தான், வேறு எவனுமில்லை.

நோட்டைப் புரட்டினான். நாலாவது ஆட்டம். ஒரு பிலிப்பினோ பையன் கைக்குள் விழுந்த பந்தைக் கீழே போட்டான், டானர் முதல் பேஸுக்கு ஓடினார். கிரிக்கெட் ஞாபகத்தில் வேலுச்சாமி ஹிட் என்று எழுதி வைத்திருந்தான். அன்றைக்கு டானருக்கு அது ஒன்றுதான். அப்படியென்றால் வரிசை நாலாவது ஆட்டத்திலேயே அறுந்துபோயிற்று! இல்லாத ஒரு வரிசைக்காக அமெரிக்கன் காலுறையை நாற வைத்துக்கொண்டு திரிகிறான். சொல்ல வாய் வரவில்லை. பேஸ்பால் தெரியும் என்று சொன்ன வாயாயிற்றே.

இருபதாவது வெள்ளிக்கிழமை வந்தது. டானர் முதல் அடியிலேயே பந்தை எல்லார் தலைக்கும் மேலே பறக்க விட்டார். சந்தேகமே இல்லாத ஹிட். ஒகாவாவின் சாதனை உடைந்தது. ஆளாளுக்குக் கத்தினார்கள், டானரைத் தூக்கிச் சுற்றினார்கள். ஒகாவா முதல் ஆளாக ஓடிவந்து கை கொடுத்தார். பலகையில் புதுப் பேர் செதுக்க அளவெடுத்தார்கள்.

வேலுச்சாமியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. மறுநாள் காலை நோட்டைத் தூக்கிக்கொண்டு டானரின் அறைக்குப் போனான். நியாயத்துக்காக மட்டும் போனான் என்று சொன்னால் பொய். வரிசை அறுந்தால் கையெழுத்து என்றாரே, உண்மையைச் சொன்னால் அறுந்துவிடுமே என்ற கணக்கும் இருந்தது.

“சார், நாலாவது ஆட்டம் ஹிட் இல்லை. எரர். என் தப்பு சார். கிரிக்கெட் மாதிரி எழுதிவிட்டேன்.”

டானர் நோட்டை வாங்கிப் பார்த்தார். முகம் சிவந்தது. எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். வேலை போயிற்று என்றே வேலுச்சாமி நினைத்தான்.

டானர் திரும்பி வந்தார். பலகையில் 20-ஐ அழித்தார். விரல் விட்டு எண்ணினார். 16 என்று எழுதினார்.

“ஐந்தாவது ஆட்டத்திலிருந்து பதினாறு. எல்லாம் சுத்தமான ஹிட். ஆக, வரிசை இன்னும் ஓடுகிறது! இன்னும் நாலு வெள்ளிக்கிழமை, அவ்வளவுதான்.” வந்து அவன் இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினார். “வேறு எவனும் இதைச் சொல்லியிருக்க மாட்டான். இனிமேல் உன்னைத் தவிர யார் எழுதினாலும் நான் நம்ப மாட்டேன்.”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. நாலு வெள்ளிக்கிழமை போனால் மாசி இருபது தாண்டி ஒரு வாரம் ஆகியிருக்கும்.

மீராசா பாய் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “அட கூறுகெட்டவனே, சொந்தக் காசுல சூனியம் வச்சிக்கிட்டியேப்பா! அவன் பாட்டுக்கு இருபதுன்னு ஆடிக்கிட்டுக் கெடந்தான். சாதனைதான் முடிஞ்சிருச்சே, லீவக் குடுடான்னு கேட்டிருக்கலாம்ல?”

“தோணலையே பாய்.”

“நல்லவன்னு பேரு வாங்கிட்டேல்ல, அத நாக்குல தடவிக்கோ” என்றார். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டீயைப் போட்டுக் கையில் கொடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒகாவாவின் அணியோடு ஆட்டம். வேலுச்சாமி நீலத் தொப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். டானர் மூன்று முறை ஆடப் போய் மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பினார். முருகா, இந்த மனிதன் கைக்கு இன்றைக்கு மட்டும் பந்து மாட்டக் கூடாது என்று வேலுச்சாமி வேண்டிக்கொண்டான். ஒருத்தன் தோற்க வேண்டும் என்று சாமி கும்பிடுவது அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

நாலாவது முறை. இதுதான் கடைசி. டானர் ஓங்கி அடித்தார். பந்து தரையோடு தரையாகச் சீறிக்கொண்டு ஒகாவாவின் பக்கம் போனது. ஒகாவா அந்தச் சீசன் முழுவதும் ஒரு பிழைகூடச் செய்யாத ஆள். இருபது ஆட்டம், அவர் பேருக்கு எதிரே எரர் கட்டத்தில் வெறும் பூஜ்யம். அந்த மனிதர் ஐம்பத்திரண்டு வயதில் குப்புறப் பாய்ந்தார். பந்து ஒரு சரளைக் கல்லில் பட்டு எகிறி, கையுறை நுனியை உரசிவிட்டு ஓடிவிட்டது. டானர் முதல் பேஸில் நின்றார்.

அதை எந்தக் கொம்பனாலும் பிடித்திருக்க முடியாது. ஹிட். வேலுச்சாமிக்கு அது நன்றாகத் தெரிந்தது.

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பானுமதியை நினைத்தான். சபை நடுவே தலையைக் குனிந்து நிற்கிறவளை நினைத்தான். பேனா தாளில் பட்டது.

“எரர்” என்றான்.

டானரின் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். “கண் பொட்டையா?” என்று ஒருத்தன் தொப்பியைத் தரையில் அடித்தான். டானர் முதல் பேஸிலிருந்தபடியே கையை உயர்த்தினார்.

“வாயை மூடுங்கள். என் சாதனையை என்னிடமே வந்து அறுத்துக் காட்டியவன் அவன். வேலு எரர் என்றால் எரர்தான்.”

ஒகாவா முழங்கையில் ரத்தம் கசிய எழுந்தார். கையுறையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், அப்புறம் வேலுச்சாமியைப் பார்த்தார். லேசாகத் தலை குனிந்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் நின்றார். வேலுச்சாமிக்கு எழுந்து, “இல்லை, நான் பொய் சொன்னேன்” என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. ஒகாவாவின் பூஜ்யத்தை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினான்.

மறுநாள் சொன்னபடி கையெழுத்து வந்தது, பாஸ்போர்ட்டும் வந்தது. டானர் ஒரு பேஸ்பால் பந்தையும் கையில் வைத்தார். “தங்கை மகளுக்கு” என்றார். அதில் நீல மையில் ஏதோ எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வேலுச்சாமி அதை அங்கே படிக்கவில்லை. விமானத்தில் படித்தான். அப்புறம் பந்தைப் பையின் அடியில், துணிகளுக்குக் கீழே தள்ளிவிட்டான்.

ஆனால் பிள்ளைகள் கை சும்மா இருக்குமா? மாசி இருபது காலை, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மடியில் வந்து உட்கார்ந்த நிவேதா அந்தப் பந்தைக் கையில் வைத்திருந்தாள். பானுமதி பட்டுப்புடவையில் நிமிர்ந்து நின்றாள். அவள் அப்படி நிமிர்ந்து நின்று வேலுச்சாமி வெகுகாலமாகப் பார்த்ததில்லை.

பானுமதியின் மாமனார் சேதுபதி, தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், பந்தை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“என்னமோ இங்கிலீசுல எழுதியிருக்கே” என்றவர் ஊருக்கே கேட்கிற மாதிரி படித்துச் சொன்னார்: “‘நாங்கள் பார்த்ததிலேயே மிக நேர்மையான ஸ்கோரருக்கு. டானர், ஒகாவா.’ அட்றா சக்கை! வெள்ளக்காரனும் ஜப்பான்காரனும் நம்ம மாப்பிள்ளைக்கிட்ட சர்டிபிகேட்டு குடுத்து அனுப்பியிருக்கான்யா! பானு, ஒங்கண்ணன் ஆம்பளதாம்மா.”

சொந்தபந்தமெல்லாம் சிரித்தது. பானுமதியின் முகம் பூரித்துப் போயிற்று. வேலுச்சாமி தலையைக் குனிந்து பிள்ளையின் சந்தனத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆசாரி கம்பியை எடுத்தார். “மாமா, வலிக்குமா?” என்று கேட்டாள் நிவேதா.

“வலிக்காதுடா தங்கம்.”

இந்தப் பொய் மைதானத்தில் சொன்ன பொய்யை விடச் சுலபமாக வந்தது. கம்பி இறங்கியது, மேளம் கொட்டியது, பிள்ளை வீறிட்டாள், பந்து கையிலிருந்து நழுவி உருண்டது. அதோடு சேர்ந்து வேலுச்சாமியின் கண்ணிலிருந்தும் நீர் கொட்டியது, அடக்கப் பார்த்தும் நிற்கவில்லை.

“இவ அழுகுறது சரி, நீ எதுக்குண்ணே அழுகுறே?” என்று பானுமதி சிரித்தாள்.

“அது ஹிட்டு பானு” என்றான் அவன்.

மேளச் சத்தத்தில் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி முந்தானையை நீட்டிவிட்டு, அடுத்த காதுக்குப் பிள்ளையின் தலையைத் திருப்பிப் பிடித்தாள்.