ஞாயிற்றுக்கிழமைத் தபால்

குழாய்க்காரர் அதட்டினால் துருப்பிடித்த நட்டு தானாகக் கழன்றுவிடும் என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. ஒருமுறை அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குழாயும் சேர்ந்து கழன்றது. அங்கே சோப்புப் போட்டுக்கொண்டிருந்த மனிதர் நுரையும் துண்டுமாக வந்து நியாயம் கேட்டார். நம்பாதவர்கள் அந்த மனிதரையே கேட்டுக்கொள்ளலாம். நுரை இன்னும் முழுசாகப் போகவில்லை.

அவர் அதட்டலுக்கு அசையாத பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: மகளுடைய பாடப்புத்தகம். சுண்டெலி என்று கூப்பிடுவார்கள் அவளை. மூன்றாம் வகுப்பு. புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுகிறது என்பாள். வருஷக் கடைசிக்குள் வாசிக்காவிட்டால் அதே பெஞ்சில்தான் இன்னொரு வருஷம் என்று டீச்சர் சொல்லி அனுப்பிவிட்டார்.

வழி கண்டுபிடித்தவள் அவர் மனைவி. துணி ஃபாக்டரியில் சட்டைக்குக் காலர் தைப்பவள். ஒரு நாள் காலை, சமையலறைக் குழாயின் கழுத்தில் நூல் கட்டி ஒரு சீட்டுத் தொங்கியது.

'மதிப்பிற்குரிய சுண்டெலிக்கு, நான் மூன்று நாளாக அழுகிறேன். இந்த வீட்டில் ஒரு குழாய்க்காரர் இருப்பதாகக் கேள்வி. உண்மையா? இப்படிக்கு, சமையலறைக் குழாய்.'

சுண்டெலி அரை மணி நேரம் எழுத்துக்கூட்டினாள். முடித்ததும் சிரித்த சிரிப்பில் விக்கல் எடுத்துவிட்டது.

"அப்பா, குழாய் உங்களைக் கிண்டல் பண்ணுது!"

"அதுக்கு வாய்க்கொழுப்பு. கழட்டிப் போட்டா தெரியும்."

"திட்டாதீங்கப்பா, பாவம். நான் பதில் எழுதணும். 'உண்மை'க்கு எத்தனை சுழி?"

"மூணு. ஆனா உண்மையெல்லாம் எழுதி வைக்காதே."

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேசாத பொருள் கிடையாது. நாற்காலி தன் நொண்டிக் காலைப் பற்றி எழுதியது. விழுந்த பல்லை எங்கே வைத்தாய் என்று கண்ணாடி விசாரித்தது. அப்பாவின் இடது செருப்பு, வலது செருப்போடு இனி ஒத்துவராது, தனிக்குடித்தனம் வேண்டும் என்று மனுப் போட்டது. எல்லாவற்றுக்கும் சுண்டெலி பதில் எழுதினாள். செருப்புகளைச் சேர்த்துவைக்க மட்டும் நாலு கடிதம் ஆனது.

செருப்பின் சார்பில் பதில் எழுதும் வேலை குழாய்க்காரர் தலையில் விழுந்தது. ஆறு வீட்டில் அடைப்பெடுத்துவிட்டு வருகிற மனிதருக்கு அது பெரும்பாடு. அவர் ஒரு சட்டம் போட்டார். "நம்ம வீட்டுப் போஸ்ட் ஆபீஸ் ஞாயிற்றுக்கிழமைதான் திறக்கும். எந்தத் தாள் வந்தாலும் அதுவரைக்கும் பெட்டிக்குள்ள. என்ன வந்ததுன்னு போஸ்ட்மாஸ்டர் மூச்சு விடக் கூடாது." செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுச் சுற்றிலும் டேப் ஒட்டினார்கள். போஸ்ட்மாஸ்டர் சுண்டெலி.

இதற்கு நடுவே அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்றார்கள்.

"வால்வுன்னா அவங்க எதுக்கு? நானே மாத்தியிருப்பேனே," என்றார் குழாய்க்காரர்.

"நீங்க மாத்தினா ஒரு வாரத்துல மறுபடியும் ஒழுகும்," என்றாள் அவள். சிரித்து முடிக்க அவளுக்கு மூச்சுப் போதவில்லை.

ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவர்கள் போன் செய்ய மாட்டார்கள். முறை வந்தால் தாள் வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தாள் வந்தது. உறையில்லாமல் மடித்து, கதவிடுக்கில் செருகியிருந்தது. பள்ளிவிட்டு முதலில் வீட்டுக்கு வருபவள் சுண்டெலி. பிரித்தாள். 'மதிப்பிற்குரிய' என்று ஆரம்பித்தது. அந்த வீட்டில் குழாயும் நாற்காலியும் அப்படித்தான் ஆரம்பிக்கும். அதற்கு மேல் படிப்பது சட்டப்படி குற்றம். மடித்துப் பெட்டிக்குள் போட்டாள்.

சாயங்காலம் அம்மா வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "ஏதாவது தபால் வந்துச்சாடி?"

"போஸ்ட்மாஸ்டர் வெளியில சொல்லக் கூடாது."

"ஆமா, பெரிய ஆபீசர்!" என்று அம்மா அவள் மூக்கைக் கிள்ளிவிட்டு உலை வைக்கப் போனாள். குழாய்க்காரர் விட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி திறந்தது. தலையணையின் கடிதம், விளக்குமாற்றின் கடிதம், மூன்றாவதாக அந்தத் தாள். சுண்டெலி எழுந்து நின்று வாசித்தாள்.

"மதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் அறுவை சிகிச்சைக்காகப் படுக்கை ஒதுக்கப்பட்டுள்ளது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குள் வந்து சேரவும். வராத பட்சத்தில் படுக்கை அடுத்தவருக்கு வழங்கப்படும்."

ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. 'அறுவை சிகிச்சை'யைக்கூட ஒரே மூச்சில் தாண்டினாள். பிறந்ததிலிருந்து அவள் தடுக்காமல் வாசித்தது அதுதான் முதல் தடவை. குழாய்க்காரர் முதல் வரிக்கே கைதட்ட ஆரம்பித்திருந்தார். இரண்டாவது வரியில் கைகள் ஒன்றையொன்று தொடாமல் நின்றுவிட்டன.

"கீழே 'இப்படிக்கு' இல்லையேம்மா. யார் எழுதினது, கட்டிலா?"

அம்மா மகளையே பார்த்தாள். "ஆமாடி. கட்டில்தான். பேர் போட மறந்துடுச்சு." பிறகு அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எவ்வளவு அழகா படிச்சே! எங்கேயுமே நிக்கலையே!"

திங்கட்கிழமை இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சீட்டுக் கொடுக்கும் அம்மாள் கெட்டவள் இல்லை. தாளைப் பார்த்து "ஐயோ" என்றுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, மூன்று மாதம் தள்ளித் தேதி எழுதிக் கொடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் மனைவி சொன்னாள்: "அவகிட்ட சொல்லிடாதீங்க. இப்பதான் படிக்க வந்திருக்கு. தெரிஞ்சா இனிமே ஒரு தாளைத் தொட மாட்டா."

"சட்டம் போட்டவன் நான்."

"அப்போ அதை நீங்களே வெச்சுக்கங்க. அவ கையில குடுக்காதீங்க."

தேதிக்குப் பதினோரு நாள் இருக்கும்போது அவள் வேலை இடத்தில் மெஷின்மேல் தலை சாய்த்தாள். அசந்து தூங்குகிறாள் என்று நினைத்து, பக்கத்து மெஷின்காரி கொஞ்ச நேரம் எழுப்பாமல் விட்டாள்.

அம்மா இல்லாமலே சுண்டெலி நாலாம் வகுப்புக்குப் போனாள். இப்போது அவளுக்குப் படிக்கக் கிடைத்தால் போதும். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், மாத்திரை அட்டை, பெயின்ட் டப்பா எதையும் விடுவதில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மாவின் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துப் படித்தாள். அதற்குள் இருந்த அந்தத் தாளோடு அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, இது விளையாட்டு லெட்டர் இல்ல."

குழாய்க்காரர் பைப் ரிஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நிஜ ஆஸ்பத்திரி. நிஜ வெள்ளிக்கிழமை. அன்னைக்கு அம்மா போகல. இது பெட்டிக்குள்ள இருந்துச்சு." அவள் கீழுதடு கோணியது. "நான்தானே உள்ளே..."

"நில்லு," என்றார் அவர். வாழ்நாளெல்லாம் கதை அளந்தவர்தான். யாராவது நம்பியே ஆகவேண்டும் என்று அவர் அளந்தது அது ஒன்றுதான். "நீ போட்ட அன்னைக்கே நான் பெட்டியைத் திறந்து பாத்துட்டேன்."

"சட்டம்?"

"சட்டம் போட்டவனுக்கு எங்கடி சட்டம்? செருப்பு என்ன எழுதியிருக்குன்னு பாக்கத் திறந்தேன். இதையும் படிச்சேன். வெள்ளிக்கிழமைன்னு நல்லாத் தெரியும். மறுநாள் ஒரு தண்ணித்தொட்டி வேலை வந்துச்சு. மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

"மறந்துட்டேன்."

"அம்மாவோட தேதியை?"

"ஆமா."

அவள் இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் குத்தினாள். ரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கை ஓய்ந்ததும் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு இணைப்பை மாட்டி முடித்ததும், அதன் அடியில் காய்ந்த விரலை ஓட்டி ஈரம் படுகிறதா என்று பார்ப்பது அவர் தொழில் பழக்கம். அந்த வாரம் முழுக்க அப்படித்தான் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் மொத்தமும் அவர் மேல்தான் இருந்தது. அவள் பக்கம் ஒரு சொட்டும் கசியவில்லை. பாடத்தையும் அவள் விடவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

எட்டாம் நாள் காலை சாப்பாட்டுப் பையை நீட்டினார். அவர் விரல் தன்மேல் படாமல் அதன் காதைப் பிடித்து வாங்கிக்கொண்டு, அவள் படியிறங்கிப் பள்ளிக்கூடம் போனாள்.