கழற்றாத கோட்டு

கொல்லம் ஆண்டு 1106, இங்கிலீஷ் கணக்குக்கு 1931, ஆடி மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. மத்தியானம் வரை பெய்த சாரல் விட்டிருந்தது. நாகர்கோவிலில் வக்கீல்களும் சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் சேர்ந்து நடத்திய கிளப்பில் அன்று பில்லியர்ட்ஸ் கோப்பைக்கான கடைசி ஆட்டம். ஆடுகிற இரண்டு பேரும் வக்கீல்கள். இரண்டு பேரும் சிநேகிதர்கள். ஒருவர் சுசீந்திரத்து ஆறுமுகப்பெருமாள். மற்றவர் ஜெபதாஸ்.

கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. மேசைக்கு வருகிறவர் தலைப்பாகையையும் கோட்டையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வருவார். எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆட வசதி, அவ்வளவுதான். ஆறுமுகப்பெருமாள் வேட்டியைத் தார் பாய்ச்சி, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஆடுவார். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற கணபதியப்பன் வெயில் காலத்தில் சட்டையையும் கழற்றிவிடுவார். வயிற்றை மேசை விளிம்பில் சாய்த்து, துவர்த்தைத் தோளில் போட்டபடி ஆடுவார். அவரை யார் கேட்பது?

ஜெபதாஸ் மட்டும் கோட்டோடு ஆடுவார். கறுப்பு அல்பாக்கா கோட்டு. மூன்று பொத்தானும் போட்டிருக்கும். கழுத்தில் டை. காலில் பூட்ஸ்.

புதிதாக வருகிறவர்களின் கண் முதலில் அவர்மேல்தான் போகும். திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஜட்ஜியா என்று புள்ளி குறிக்கிற மார்க்கர் பொன்னுலிங்கத்தின் காதோடு கேட்டவர்கள் உண்டு. மற்றவர்கள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்து ஆடுவார்கள். ஜெபதாஸ் அப்படி இல்லை. மேசையிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்பார். மார்பைத் தாழ்த்த மாட்டார். முழங்கையை உடம்பை விட்டு அகற்றி, கையை நீட்டிக் கோலைத் தள்ளுவார். பந்தைத் தொடக்கூட மனமில்லாதவர் போல இருக்கும்.

"தொரை நிக்கிற நிப்பப் பாரும்," என்பார் கணபதியப்பன். "பந்துதான் எழுந்து இவருக்கு சலாம் வைக்கணும்."

ஜம்பம் என்று பேசிக்கொண்டார்கள். ஜெபதாஸ் காதில் விழாதவர்போல் இருந்துவிடுவார்.

அவர் ஏன் கோட்டைக் கழற்றுவதில்லை என்பது கிளப்பில் ஆறுமுகப்பெருமாள் ஒருவருக்குத்தான் தெரியும். சிநேகிதமான முதல் வருஷம், ஆட்டம் முடிந்து இரண்டு பேரும் நடந்துபோகும்போது ஜெபதாஸே சொன்னார்.

"எங்கப்பாக்க அத்தை ஒருத்தி. வேதத்தில சேந்த புதுசு. மிஷன்ல தச்சுக் குடுத்த குப்பாயத்தப் போட்டுக்கிட்டு சந்தைக்குப் போயிருக்கா. உங்க ஆளுகளுக்குத் தோள மறைக்க என்ன அதிகாரம்னு நாலுபேரு மறிச்சிருக்கானுவ. கழட்டுடீன்னு சொல்லியிருக்கானுவ. இவ கழட்டல்ல. கீறி எறிஞ்சானுவ. பதினாறு வயசு அவளுக்கு."



"எந்த ஊருக்காரனுவ வே?" என்று கேட்டார் ஆறுமுகப்பெருமாள்.

"ஊரு எதுக்கு? எல்லாம் நம்ம ஊருதான்." ஜெபதாஸ் சிரித்தார். "அதுக்குப் பொறவு எங்க குடும்பத்தில வாசலத் தாண்டினா ஆணும் சரி பெண்ணும் சரி, ஒருத்தன் முன்னால மேல்துணியக் களையமாட்டோம். பிடிவாதம்னு வச்சுக்கிடும்."

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர்கள் பேசவில்லை. ஆறு வருஷம் ஒன்றாக ஆடினார்கள். ஆறுமுகப்பெருமாள் ஒரு தடவைகூட அந்தக் கோட்டைப் பற்றி வாயெடுத்ததில்லை.

அன்றைக்கு ஜெபதாஸ் முன்னால் இருந்தார். ஒரு பந்து பையில் விழுந்தால் கோப்பை அவருக்கு. சிவப்புப் பந்து தூரத்து மூலைப் பைக்குப் பக்கத்தில் கிடந்தது. ஆறுமுகப்பெருமாளின் வெள்ளைப் பந்து இந்தப் பக்கத்து விளிம்பை ஒட்டிக் கிடந்தது. எட்டி அடிக்க வேண்டிய அடி. ஜெபதாஸ் வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் சாய்ந்தார். கோல் நேராகப் போயிற்று. சிவப்பு பைக்குள் விழுந்தது.

பெஞ்சுகளில் கைதட்டினார்கள். பொன்னுலிங்கம் பலகையில் முள்ளைத் தள்ளக் கையைத் தூக்கிவிட்டார்.

"ஃபவுல்," என்றார் ஜெபதாஸ். "பொத்தான் பந்தில பட்டுது."

"நான் பாக்கல்லியே ஐயா," என்றார் பொன்னுலிங்கம்.

"எனக்குத் தெரியுமே."

விளிம்போரத்து வெள்ளைப் பந்து அசைந்ததை யாருமே பார்க்கவில்லை. ஆறுமுகப்பெருமாளும் பார்க்கவில்லை. இனி அவர் முறை. மேசை அவருக்கு வாகாக இருந்தது. எளிதாக ஜெயித்துவிடலாம். அதுதான் அவருக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

"ஒரு நாளைக்கு அந்தக் கோட்டக் கழட்டிப் போட்டுட்டுத்தான் ஆடுமேன் வே! உம்ம பொத்தான் எனக்குக் கோப்பை வாங்கித் தரணுமா?"

சொல்லும்போது அதில் பிரியம்தான் இருந்தது. சொல்லி முடித்த பிறகு அறையில் அது வேறு மாதிரி நின்றது. கணபதியப்பன் பெஞ்சில் கால்மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"அவர எதுக்குடே கழட்டச் சொல்லுக?" என்றார். ஒரு பெருமூச்சு விட்டார். "போடுகதுக்கு என்ன பாடு பட்டிருக்காவ, பாவம்!"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. சொன்ன விதம் அப்படி. ஆறுமுகப்பெருமாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நினைத்துப் பார்ப்பதற்கு முன்னால் வந்த சிரிப்பு.

ஜெபதாஸ் கணபதியப்பனைப் பார்க்கவில்லை. ஆறுமுகப்பெருமாளைப் பார்த்தார். அதற்குள் ஆறுமுகப்பெருமாளின் சிரிப்பு அடங்கியிருந்தது. வாய் மட்டும் இன்னும் மூடவில்லை.

ஜெபதாஸ் கோலைத் துடைத்து அதன் இடத்தில் நிறுத்தினார். குடையை எடுத்துக்கொண்டார்.

"நீங்க ஆடுங்க சார்," என்றார்.

ஆறு வருஷத்தில் அவர் ஆறுமுகப்பெருமாளை சார் என்று கூப்பிட்டதில்லை.

கோப்பை சுசீந்திரத்துக்குப் போயிற்று. ஆறுமுகப்பெருமாளின் மனைவி பார்வதியம்மாள் அதைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். ஜெபதாஸ் பிறகு கிளப்புக்கு வரவில்லை. கோர்ட்டில் பார்த்தால் நின்று வணக்கம் சொல்வார். கேஸைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வார். எல்லாவற்றுக்கும் சார். மற்ற வக்கீல்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மரியாதை கூடியதாகத்தான் தோன்றியிருக்கும்.

ஆவணி பிறந்தபின் ஒரு நாள் ஆறுமுகப்பெருமாள் கணபதியப்பனிடம் போனார்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவரு வருவாரு அண்ணாச்சி. விளையாட்டுக்குச் சொன்னதுன்னு சொல்லுங்க."

"நான் என்ன இல்லாததையா சொன்னேன்? பாடு பட்டாவன்னுதான சொன்னேன். பட்டாவளா இல்லியா?" கணபதியப்பன் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டார். "அதும்போக, கழட்டச் சொன்னது ஆரு? நீரு. நான் வேண்டாம்னுல்லா சொன்னேன்!"

ஆறுமுகப்பெருமாள் எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் பார்வதியம்மாளிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் தாணுமாலயன் கோயிலுக்குப் போனார்கள். வாசலில் எல்லா ஆண்களையும் போல ஆறுமுகப்பெருமாள் சட்டையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். பழகிய கை. பேசிக்கொண்டே கழற்றினார்.

"இதுல என்ன வந்துட்டு சொல்லு," என்றார். "நாங்க தெனமும் கழட்டுகோம். மகாராசாவே இங்க வந்தா கழட்டித்தான் நிக்கணும். ஒரு கோட்டுக்கு இம்புட்டு ரோசமா?"

"நீங்க சாமிக்குக் கழட்டுகியோ," என்றாள் பார்வதியம்மாள். "அவ்வோ ஆருக்குக் கழட்டணும்?"

உள்ளே போய்த் தீபாராதனை பார்த்தார்கள். திரும்பி வரும்போது அவர் சட்டையைப் போட மறந்து தெருவரைக்கும் வந்துவிட்டார்.

அடுத்த வாரம் கிளப்பில் ஆறுமுகப்பெருமாள் கோட்டைக் கழற்றவில்லை. கழுத்துவரை பொத்தான் போட்ட தன் கோர்ட்டுக் கோட்டோடு மேசைக்கு வந்தார். தான் அப்படி ஆடுகிற செய்தி எப்படியாவது ஜெபதாஸ் காதுக்குப் போகும் என்று நினைத்தார்.

"இந்த நோய் ஒட்டுவாரொட்டியா இருக்கும்போல," என்றார் கணபதியப்பன்.

முதல் அடியிலேயே பொத்தான் பந்தில் இடித்தது. இரண்டாவதில் கோட்டின் கீழ் முனை. குனிந்தால் காலர் தொண்டையை இறுக்கியது. கையைப் பின்னால் இழுத்தால் அக்குளில் தையல் பிடித்தது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அவர் விடவில்லை.

கொஞ்ச நேரம் போனபின் மேசையை விட்டுத் தள்ளி நின்றார். மார்பை நிமிர்த்தினார். முழங்கையை அகற்றிக் கையை நீட்டினார். பொத்தான் பந்தைத் தொடவில்லை. பந்து ஒழுங்காக ஓடியது.

அவர் கோலைப் பிடித்தபடி அப்படியே நின்றார். ஜெபதாஸ் நிற்கிற நிற்பு அது. கோட்டோடு ஆடுகிறவனுக்கு வேறு வழி இல்லை. இதைத்தான் இத்தனை வருஷமும் ஜம்பம் என்றார்கள். வெளியே சொல்லவில்லையே தவிர, அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். இந்த வேர்வையோடும் இந்த இறுக்கத்தோடும் ஆடித்தான் அந்த மனிதர் பாதி ஆட்டங்களில் அவரைத் தோற்கடித்திருக்கிறார். ஜெபதாஸ் கோட்டு இல்லாமல் ஆடியிருந்தால் ஆறுமுகப்பெருமாளின் பேர் கோப்பை வென்றவர்கள் பலகையில் ஏறியிருக்காது.

அன்றைய ஆட்டத்தை அவர் முடிக்கவில்லை.

நவராத்திரிக்குக் கோர்ட்டு மூடியிருந்தது. ஒரு காலையில் ஆறுமுகப்பெருமாள் பஸ் ஏறி ஜெபதாஸ் வீட்டுக்குப் போனார். சொல்ல வேண்டியதைப் பஸ்ஸில் சேர்த்து வைத்துக்கொண்டார். நீர் சொன்ன கதையைக் கேட்டவன் நான் ஒருத்தன்தான். நான் சிரித்திருக்கக் கூடாது. இவ்வளவுதான். மன்னிப்பு என்ற வார்த்தை வேண்டுமா வேண்டாமா என்பது மட்டும் முடிவாகவில்லை.

வீடு நகரத்துக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பில் இருந்தது. ஜெபதாஸின் மனைவி ஜெபகுமாரி முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாருங்க அண்ணாச்சி! பார்வதி மைனியக் கூட்டிட்டு வரல்லியா? வழி மறந்து போச்சுன்னுல்லா நெனச்சோம்." அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. ஜெபதாஸ் அவளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. தோப்புப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "இஞ்ச பாருங்க, ஆரு வந்திருக்கான்னு!"

ஜெபதாஸ் ஒரு தென்னை மூட்டில் மண்வெட்டியோடு நின்றார். இடுப்பில் ஒரு துவர்த்து மட்டும். வெற்றுடம்பில் வேர்வை ஓடியது. மார்பில் மண் தெறித்திருந்தது. நரைத்த ரோமம். வயிறு லேசாகத் தொங்கத் தொடங்கியிருந்தது. கோர்ட்டில் பார்க்கிற ஆளைவிட உயரம் குறைந்தவராக, யாரோ ஒரு விவசாயிபோல இருந்தார்.

ஆறுமுகப்பெருமாளுக்கு மனசு லேசாயிற்று. இந்த உடம்பை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். லீவு நாளில் வந்தால் ஜெபதாஸ் இந்தத் துவர்த்தோடுதான் எதிரே வருவார். மண்கையால் தோளில் தட்டுவார். இளநீரை அங்கேயே சீவிக் கொடுத்து, இரண்டு பேரும் மரத்தடியில் குந்திக் கேஸ் பேசியிருக்கிறார்கள். வாசலுக்கு உள்ளே அவருக்குக் கோட்டு வேண்டியிருந்ததில்லை.

ஜெபதாஸ் அவரைப் பார்த்தார். மண்வெட்டியை மரத்தில் சாய்த்தார். துவர்த்தின் முந்தியால் முகத்தைத் துடைத்தார்.

"இருங்க சார். இப்ப வாறேன்," என்றார்.

பின்பக்கமாக வீட்டுக்குள் போனார். கிணற்றடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பெட்டி திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஜெபகுமாரி இளநீரோடு வந்தாள். ஆறுமுகப்பெருமாள் அதைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நெல்லில் ஒரு கோழி கிளறியது. அவள் அதை விரட்டப் போனாள்.

ஜெபதாஸ் வெளியே வந்தார். ஈரத் தலை வாரியிருந்தது. வெள்ளை வேட்டி. அதன்மேல் கறுப்பு அல்பாக்கா கோட்டு. மூன்று பொத்தானும் போட்டிருந்தது. அவசரத்தில் கழுத்தோரம் ஒரு மண்பொட்டு கழுவாமல் இருந்தது. எதிரே இருந்த நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க சார். ஏதாவது கேஸ் விஷயமா?"

பஸ்ஸில் சேர்த்து வைத்தது ஒன்றும் ஆறுமுகப்பெருமாளின் வாயில் வரவில்லை. அவர் அந்தப் பொத்தான்களையே பார்த்தார்.

"என் முன்னால என்னத்துக்கு வே கோட்டு?"